நடுவில் விதை இல்லாத பூ

நாடுவிட்டு வந்து செயின்ட்-மிஷேலில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்வேலியோரம் என்னைவிட உயரமாக ஒரு செடி நின்றது. பூ மஞ்சள். சூரியகாந்தி என்றே நினைத்தேன். தினமும் காலையில் வேலைக்கு ஓடுமுன் விரிந்த பூக்களையெல்லாம் ஆய்ந்து பிள்ளையார் படத்துக்கு வைப்பேன். வேண்டுதல் ஒன்றுதான்: யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்கு இந்த முறையாவது விசா கிடைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். அவளைத் தொட்டு ஒன்பது வருடம். அவள் தோளில் சாய்ந்துகொண்டு ஒரு தேத்தண்ணி குடிப்பதைவிடப் பெரிய ஆசை எனக்கு இல்லை.

அக்கா தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வீடியோவில் பூவைக் காட்டினால் சும்மா விடுவாளா?

"இது சூரியகாந்தி இல்லையடி. தண்டைத் தடவிப் பார்."

நாலு மூலையாக இருந்தது. எதிரெதிர் இலைகள் தண்டைச் சுற்றி ஒட்டிக் கிண்ணமாகி, முதல் நாள் மழைத்தண்ணீரை ஏந்தியிருந்தன. இந்தக் கண்டத்துப் புல்வெளிச் செடி, பெயர் கிண்ணச்செடி என்றது போனில் இருந்த செயலி. அக்கா செயலியை நம்பும் ஆளா!

"விதையைப் பாத்தால்தான் சொல்லுவன். சூரியகாந்திக்கு நடுவிலை விதை பிடிக்கும். நீ சொல்லுற செடிக்கு ஓரத்து இதழடியிலைதான் பிடிக்கும். ஒரு பூவையாவது முத்த விடு."

எங்கே விடுவது? அவளுக்காகத்தானே ஒன்றுவிடாமல் ஆய்ந்துகொண்டிருந்தேன். அதைச் சொன்னால் சிரிப்பாள்.

"படம் எடுத்து அனுப்பட்டோ?" என்று கேட்டேன்.

"படம் வேண்டாம். வந்து தொட்டுப் பாக்கிறன்."

ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லித்தான் போனை வைப்பாள்.

ஆவணி முடிவில் மூன்றாவது மறுப்பு வந்தது. எனக்குக் கோபமெல்லாம் பிள்ளையார்மேல்தான். "இனி உமக்குப் பூவும் இல்லை, ஒண்டும் இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அதனால் கடைசியாய் வந்த இரண்டு மூன்று பூக்கள் தப்பின.

ஐப்பசிக் குளிரில் காய்ந்த பூவொன்றைப் பிய்த்துக் கமராவுக்கு முன் உதிர்த்தேன். தட்டையான விதைகள் ஓரத்தைச் சுற்றி இருந்தன. நடுவில் உமி மட்டும்.

"நடுவிலை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அக்கா. எல்லாம் ஓரத்திலைதான்."

"அப்ப செயலி சொன்னது சரிதான்" என்றாள். வென்றாலும் தோற்றாலும் அவள் குரலில் வரும் துள்ளல் வரவில்லை. விதைகளைக் கடதாசியில் சுற்றி, நீ வரும்வரை வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"படம் எடுத்து அனுப்படி."