டிபன் கணக்கில் சேராது

இட்லியை அரிசியில்தான் செய்கிறார்கள் என்பது எனக்கு ஐம்பத்தாறாவது வயதில்தான் உறைத்தது. நான் நடத்துவது அரிசி மில்.

அரிசி ஊறுவதையும் அரைபடுவதையும் பொங்குவதையும் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டால் சொல்லியிருப்பேன். ஆனால் அடுப்பில் ஏறி ஆவியில் வெந்து தட்டில் வந்து உட்கார்ந்ததும் அதற்கு வேறு பெயர் வந்துவிடுகிறது. டிபன். எங்கள் ஊரில், குடவாசலிலிருந்து பாபநாசம் வரை யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஆறு இட்லியும் இரண்டு தோசையும் முடித்துக் கை கழுவியவரிடம் "சாப்டீங்களா?" என்றால், "இன்னும் இல்லீங்க, டிபன்தான் ஆச்சு" என்பார். சோறு விழுந்தால்தான் சாப்பாடு. மற்றதெல்லாம் வாயை நனைத்துக்கொள்வது.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என் மகளை ஊசி வரைக்கும் கொண்டுபோய்விட இருந்தேன்.

தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். கும்பகோணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை கூடியிருக்கிறது என்றார்கள். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு வாரம் சாப்பாட்டுல கட்டுப்படுத்திப் பாப்போம். அரிசியக் குறைங்க. குறையலேன்னா பிரசவம் வரைக்கும் தினம் ஊசிதான்." என் மகள் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. ஊசிப் பயம் அவளுக்கு என் வழிச் சொத்து. மண்ணும் வயலும் பிற்பாடு வந்தாலும் வரலாம், இதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வரும் வழியிலேயே பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தினம் அவள் என்ன சாப்பிட்டாள் என்று நானே என் கைப்பட எழுதினேன். காலை, டிபன். மதியம், சோறு, பாதியாகக் குறைக்கப்பட்டது. இரவு, டிபன். மத்தியானம் சோற்றைப் பிடுங்கிவிட்டதால் பாவம் பிள்ளைத்தாச்சி என்று ராத்திரி தோசையில் ஒன்றைக் கூட்டினேன். ஒரு வாரம் கழித்துப் பரிசோதித்தால், சர்க்கரை இறங்கவே இல்லை. நின்ற இடத்தில் கல்லாய் நின்றது.

மறுநாள் கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்தார். அவரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் பக்கத்து வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவர் படித்து வேலைக்கு வந்து, இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர் பார்க்கிறார். நெல் என் மில்லுக்குத்தான் வரும். ஒவ்வொரு தடவையும் "பாலிஷ் ரொம்ப வேணாம்ணே, தவிடு ஒட்டியிருக்கட்டும்" என்பார். நானும் ஒவ்வொரு தடவையும், "என்ன நர்சம்மா, மாட்டுக்கா அரைக்கிறீங்க?" என்று கேட்டு, நானே சிரித்துக்கொள்வேன். ஒருநாள் அவர் என் மாட்டுக் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தையெல்லாம் உங்க மாடு திங்குது, சக்கைய நீங்க திங்கறீங்க. யாரு யார வளக்கறீங்கன்னே புரியலண்ணே" என்றார். அன்றும் சிரித்தேன். அவரைப் பார்த்து அல்ல, மாட்டைப் பார்த்து.

நோட்டுப் புத்தகத்தைப் பெருமையோடு நீட்டினேன். புரட்டினார்.

"டிபன்னு எழுதியிருக்கீங்களே, டிபன்னா என்னண்ணே?"

"டிபன்னா டிபன்தான். இட்லி, தோசை, இடியாப்பம்."

"இட்லி எதுல செய்யறீங்க?"

"மாவுல."

"மாவு எதுல?"

"கிரைண்டர்ல."

சமையலறையிலிருந்து என் மனைவி, "நர்சம்மா, அவருகிட்ட கேக்காதீங்க, மில்லுக்காரருக்கு அரிசின்னா மூட்டையில இருக்கணும்" என்றாள். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அப்போதும் முழுசாக விளங்கவில்லை.

நர்ஸ் எழுந்துபோய் அரிசி டப்பாவையும் ஒரு முறத்தையும் டம்ளரையும் கொண்டுவந்து கூடத்தில் உட்கார்ந்தார். மகளிடம் கேட்டுக் கேட்டு, காலையில் நாலு இட்லி என்று ஒரு குவியல் அரிசி போட்டார். பதினோரு மணிக்கு நொய்க்கஞ்சி, ஒரு குவியல். அது நோட்டிலேயே ஏறவில்லை, ஏனென்றால் கஞ்சியை நாங்கள் தண்ணீர்க் கணக்கில் சேர்த்திருந்தோம். மத்தியானச் சோறு, ஒரு குவியல். நாலு மணிக்குக் கொழுக்கட்டை, ஒரு குவியல். ராத்திரி நாலு தோசை, பெரிய குவியல். முறத்தில் ஐந்து வெள்ளை மேடுகள். நடுவில், நான் பாடுபட்டுக் குறைத்த மத்தியானச் சோறு, எல்லாவற்றிலும் சின்னதாக, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"அப்பா, ஒரு வாரத்துல நான் ஒரு களத்தையே முழுங்கியிருக்கேன்" என்றாள் மகள்.

"அதுவும் ரெட்டைப் பாலிஷ்" என்றார் நர்ஸ். போகும்போது பையைத் திறந்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷினை எடுத்து, "உங்களுக்கும் ஒரு தடவ பாத்துருவமாண்ணே?" என்றார். மில்லில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறினேன்.

மில்லில் ஒருவரும் காத்திருக்கவில்லை. ஆனால் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முப்பது வருஷமாக மல்லிகைப்பூ மாதிரி அரிசி கொடுக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். இப்போது பார்த்தால், ஒரு ஊரே ஐந்து வேளை மல்லிகைப்பூவைத் தின்றுகொண்டு, ஒரு வேளைதான் என்று சத்தியம் செய்துகொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது ஏதோ நானே என்பது போல எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அன்றைக்கே பாலிஷரைத் தளர்த்தி, வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி பழுப்பாக இறக்கினேன்.

மகளின் தட்டு மாறியது. காலையில் பாசிப்பயறு தோசையும் முட்டையும். மத்தியானம் ஒரே ஒரு கிண்ணம் பழுப்புச் சோறு, அதைச் சுற்றி வேலி கட்டியதுபோலக் கீரையும் அவரைக்காயும், குழம்பில் மீன். சாயந்திரம் சுண்டல். சாப்பிட்டதும் வாய்க்கால் கரையில் அம்மாவும் மகளும் மெல்ல நடந்து வந்தார்கள். இட்லி மாவு மட்டும் பழக்கதோஷத்தில் பழைய அளவிலேயே பொங்கிக்கொண்டிருந்தது. வீணாகக் கூடாதே என்று அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன். பெற்ற பிள்ளைக்காக ஒரு தகப்பன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? மத்தியானப் பழுப்புச் சோறோ மருந்து மாதிரி என்றார்கள். மருந்தில் கஞ்சத்தனம் கூடாது என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

இடைப்பட்ட நேரத்தில் நாட்டைத் திருத்தினேன். மில்லுக்கு வந்தவர்களிடம் எல்லாம் தவிட்டின் மகிமையைப் பேசினேன். பழுப்பு அரிசியைக் கையில் வாங்கிப் பார்த்த ஒருவர், "மெசின் எப்ப ரிப்பேராச்சு?" என்று துக்கம் விசாரித்தார். மூன்றாம் நாள், நான் மில்லை விற்கப் போகிறேன் என்று ஊரில் பேச்சு. ஆனாலும் நாலு குடும்பம் துணிந்து, ஆளுக்கு ஒரு மூட்டை பழுப்பாகவே அரைத்துக்கொண்டு போனது. நாலு. எனக்கு அது நாற்பதாயிரமாகத் தெரிந்தது.

எதிர்த்த டீக்கடைக்காரரிடம் போண்டாவை விட்டுச் சுண்டல் போடச் சொன்னேன். "போண்டா போட்டா நிக்கிறான். சுண்டல் போட்டா யாருக்கு விசேஷம்னு கேட்டுட்டுப் போயிடுறான்" என்றார். மிஞ்சினால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். முதல் நாள் ஒரு சட்டி மிஞ்சியது. அதையும் சாப்பிட்டேன். நான்காம் நாள் பள்ளிக்கூட வாத்தியார்கள் இரண்டு பேர் கேட்டு வாங்கித் தின்ன, எனக்கு ஒரு பொட்டலம்கூட மிஞ்சவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு போண்டா தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பத்துப் பேரை நிறுத்தி, இட்லி அரிசிதான் என்று விளக்கினேன். என் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சாமியார் பிரசங்கமே தேவலாம், அது முடிஞ்சிடும்" என்றாள்.

இரண்டாவது வாரம் முடிந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். வெறும் வயிற்றில் எடுத்ததைப் பார்த்தார். சாப்பிட்ட பிறகு எடுத்ததைப் பார்த்தார். "நல்லா எறங்கியிருக்கும்மா. ஊசி வேணாம். இப்படியே சாப்பிடு, வாராவாரம் பாத்துக்குவோம்" என்றார். மகள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். நான்தான் எழுந்து, பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத நாலு பேருக்குக் கை கொடுத்தேன்.

வெளியே வந்ததும் என் கால் தானாக மிட்டாய்க் கடைப் பக்கம் திரும்பியது. "அப்பா, எங்க போறீங்க?" என்றாள். பக்கத்துத் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் வாங்கப் போவதாகச் சமாளித்து, அப்படியே வாங்கியும்விட்டேன்.

மகளை வீட்டில் விட்டுவிட்டுப் பழத்தோடு துணை சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். நர்ஸ் சீட்டை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியதை மறைக்கக் கொய்யாவை முகர்ந்து பார்த்தார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ரேஷன் கடை அரிசி, பள்ளிக்கூடத்துச் சத்துணவு, கல்யாணப் பந்தி, டீக்கடைக் கண்ணாடிப் பெட்டி என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். கடைசியாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன்:

"நர்சம்மா, இந்தத் தாலுக்காவையே மாத்திப்புடலாம். எங்கேருந்து ஆரம்பிக்கலாம், அத மட்டும் சொல்லுங்க."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, அந்தச் சின்ன மெஷினை எடுத்து வைத்தார்.

"வெரல நீட்டுங்கண்ணே."