வாலோடு நின்ற பாடம்

மலேசியாவில் இந்த ஈப்போவுக்கு வந்து முப்பது வருடமாகிறது. இன்னும் ஒன்று மட்டும் பழகவில்லை. மாலை ஏழு மணிக்கும் எங்கள் குனோங் ராபாட் வீட்டு ஜன்னலில் வெயில் இருக்கிறது. ஊரில் ஏழு மணி என்றால் விளக்கு எரியும். போன வாரம் அந்த வெயிலில்தான், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பவளம் வேலைக்கு விண்ணப்பம் எழுதித்தரச் சொல்லி வந்தாள். “சார், நீங்க படம் போடுற சார்தானே? எங்க தோட்டத்து ஸ்கூலுக்கு வருவீங்களே,” என்றாள்.

எழுபதுகளில் அதுதான் என் வேலை. ரப்பர் தோட்டத்துப் பள்ளிகளில் பகலில் மின்சாரம் கிடையாது. பெரிய சினிமா எந்திரம் அங்கே ஓடாது. அதனால் பாடப்படத்திலிருந்து முப்பது காட்சிகளை மட்டும் சிறு பிலிம் சுருளாக்கி, விளக்கத்தைக் கேசட்டில் பதிந்து, சிறு படக்கருவி, கார் பேட்டரி ஒன்றோடு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். ஒரு நாளைக்கு மூன்று பள்ளி. பேட்டரி மூன்றுக்குத்தான் சரியாகத் தாங்கும்.

“தவளைப் பாடம் ஞாபகம் இருக்கு சார். முட்டை, அப்புறம் வாலோட தண்ணில ஓடும். அதோட முடிஞ்சிரும். பரீட்சையில அது வளந்தா என்னன்னு கேட்டாங்க. கிளாஸே மீனுன்னு எழுதினோம். பாத்து எழுதினோம்னு எல்லாருக்கும் ரோத்தான் பிரம்படி.” சிரித்தாள். “தவளைய டெய்லி பாக்குறவங்கதான் சார். அதுதான் இதுன்னு யாரும் சொல்லல லா.”

பாடமே அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறாள். அந்த மூன்றில் நான் முதலில் போகும் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், என் ஊர்க்காரர். பாடம் முடிந்து பிள்ளைகள் போனதும், நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சிலைடுகளை அதே பேட்டரியில் அவருக்குப் போட்டுக் காட்டுவேன். தாமிரபரணிப் படித்துறை வந்ததும், “சார்வாள், இன்னொருக்கப் போடுங்க,” என்பார். போடுவேன். இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம். மூன்றாவது பள்ளியில், பவளத்தின் பள்ளியில், பாதியிலேயே படக்கருவியின் விளக்கு மஞ்சளாகும். கேசட் குரல் இழுத்து இழுத்து நின்றுவிடும். “மீதி அடுத்த தடவை,” என்பேன். அடுத்த தடவை வேறு பாடம். பதிவேட்டில் ‘காட்டப்பட்டது’ என்று கையெழுத்திட்டேன். பள்ளிகளின் வரிசையை மாற்றிப் போயிருந்தாலே போதும். மாற்றவில்லை.

இதை அவளிடம் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“எத்தன தடவ சார்?”

“எப்போதும்.”

என் பழைய பெட்டியைத் திறந்து தவளைச் சுருளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கால் முளைத்தது, வால் குறுகியது, கரையில் தவளை உட்கார்ந்தது. கடைசிக் காட்சியை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“அந்த ஊருப் படம் இருக்கா சார்? எடுங்க. எங்க பேட்டரிய எது தின்னுச்சுன்னு பாக்கலாம்.”

கொடுத்தேன். படித்துறையில் துணி பிழியும் ஒருவரைக் காட்டி, “இவரு யாரு சார்?” என்றாள். எனக்கு நினைவு வரவில்லை. அவளுடைய வகுப்பில் முன்வரிசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் நினைவு வரவில்லை. ஒரு கையில் தவளை, ஒரு கையில் படித்துறை என்று அவள் வெயில் இறங்கும்வரை ஜன்னலில் பிடித்திருந்தாள். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நான் அவள் பின்னால் நின்றேன்.