அண்ணன் எனக்கு விட்ட மணை

தோளில் பையுடன் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் அண்ணனின் கைத்தடிச் சத்தம் விடாமல் வந்தது. இடுப்பு மூட்டு மாற்றி மூன்று மாதந்தான் ஆகியிருந்தது. ஆனாலும் என்னை எட்டிப் பிடித்துவிடுவார் போலிருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணன் பாபநாசத்துக்கு அருகே பிறந்து, அங்கேயே குத்தகை நிலத்தில் உழைத்து, அங்கேயே மறைந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது. என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். நான் எட்டாம் வகுப்போடு ஓடிப்போனேன். திருப்பூர், பம்பாய், துபாய் என்று சுற்றிவிட்டு ஊருக்கு எப்போது வந்தாலும், "வாப்பா" என்பதற்கு முன்பே "ஒங்க அண்ணனப் பாரு" என்பார்கள். மூட்டு தேய்ந்து அவர் வரப்பில் நொண்டியபோது, வாழ்க்கையில் முதன்முறையாக நான் அவரை முந்தி நடந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

தஞ்சாவூரில் செயற்கை மூட்டு வைத்தார்கள். வலி போய் நிமிர்ந்து நடந்தார். ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது.

"புது மாப்பிள்ளையாட்டம்ல நடக்கிறாரு!" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

தரையில் மட்டும் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அப்பாவின் திதி வந்தது. மூத்தவர் என்று ஆண்டுதோறும் அண்ணன்தான் தரையில் போட்ட மணையில் அமர்ந்து பிண்டம் வைப்பார். ஊரில் இருந்தால் நான் பின்னால் நிற்பேன். அன்று ஐயர் காத்திருக்க, அண்ணன் என்னிடம் "இனிமே நீ உட்காருடா" என்றார்.

"ஒனக்கு ஆகாதுன்னாதான் எனக்கு எடமா?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாய்க்கால் மதகருகே அண்ணன் என்னைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"நாற்காலி போட்டும் செய்யலாம்னுதான்டா ஐயர் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். நீ உட்கார்ந்தா வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊருக்கு வந்துதானே ஆகணும்?"

பேருந்து வந்தது. ஏறிவிட்டேன்.

அவர் திரும்பிப் போய் நாற்காலியில் அமர்ந்து திதி கொடுத்ததை அண்ணி பிறகு சொன்னார். அடுத்த திதி வருவதற்குள் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார்.

அறுவைச் சிகிச்சைக்கு மறுநாளே அவரை எழுப்பி முதல் அடி வைக்கச் செய்த பயிற்சியாளர் பெண்ணுக்கும், மருத்துவமனையில் கூடவே படுத்துக் கிடந்த பக்கத்து வயல்காரருக்கும், நான் இல்லாத இடத்தில் நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தத் திதியன்று பேருந்து ஏறி நான் போய் இறங்கியது பேராவூரணி. மறுநாள் காலையே ஒரு தேங்காய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். காய்களைத் தரம் பிரிக்க வேண்டும். பொழுது சாயும்வரை தரையில் உட்கார்ந்தே செய்கிற வேலை.