கடைசி பெஞ்சில் இருந்தவர்

மில்லில் என் கணவருக்குக் கொடுத்த மெமோ ஒரே ஒரு தாள். டைப் அடித்த நாலு வரி, கீழே, நூற்புப் பிரிவைக் கவனிக்கும் ஸ்பின்னிங் மாஸ்டரின் கையெழுத்து. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவர் பிட்டராக இருந்தார். குடித்துவிட்டு வேலைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குள் கையை விட்டிருக்கிறார். பக்கத்தில் நின்றவர் இழுத்துப் போட்டதால் விரல்கள் தப்பின. இன்னொரு முறை நடந்தால் வேலை கிடையாது என்றது அந்தத் தாள். அதை வாசித்ததிலிருந்து எனக்கு இரண்டு பயம். வேலை போய்விடுமோ என்பது ஒன்று. வேலை இருந்து, கை போய்விடுமோ என்பது இன்னொன்று.

முதல் ஷிப்ட் விடும் சங்கு மூன்றரைக்கு ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும் மணியைப் பார்ப்பேன். நேராக வந்தால் நாலு மணிக்குள் வந்துவிடுவார். நாலைத் தாண்டினால் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அரிவாள்மனையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, கதவருகே நிற்பேன். செருப்புச் சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். குடிக்காத நாளில் மகளுக்குத் தலை பின்னி, ரிப்பன் கட்டி விடுகிறவரும் அவர்தான்.

ஒருநாள் புருவத்தில் தையல் போடப் போனேன். எப்படி அடிபட்டது என்று கிளினிக் நர்ஸ் கேட்கவில்லை. கட்டுப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மெல்லச் சொன்னார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல மடவார் வளாகம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு, குடிய விட்டவங்க கூடிப் பேசுவாங்க. பேரு ஊரெல்லாம் கேக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் அங்கதான் போறாரு."

ஆண்டாள் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் ஏழெட்டு ஆண்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருவர் எழுந்து, "குடிச்சு எட்டு மாசமாச்சு. ஆனா தெனமும் காலையில முழிக்கும்போதே பயமா இருக்கு" என்றார். ஜன்னல் வழியே முகத்தைப் பார்த்தேன். ஆயுதபூஜை அன்று மில்லில் என் கணவர் காட்டி, கும்பிடச் சொன்ன முகம். மெமோவில் கையெழுத்துப் போட்ட ஸ்பின்னிங் மாஸ்டர். அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பின்னாலேயே வந்துவிட்டார். "சார், அவரு நல்லவரு. வேலைய விட்டு எடுத்துராதீங்க" என்று கும்பிட்டேன். நான் கும்பிட்ட கையை அவர் தடுத்தார். "நான் இங்க வாரது மில்லுல ஒருத்தருக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சா என் பேச்ச எவன் கேப்பான்? அந்த மெமோவ எழுதுனப்ப, எனக்கே எழுதுன மாதிரி இருந்துச்சு. அவரக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அந்த வாரம் முழுவதும் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். கணவரிடம் சொன்னால், போதையில் தெரு முழுக்கக் கத்தி அந்த மனிதரைக் கெடுத்துவிடுவார். சொல்லாமல் கூட்டிப்போனால் என்ன செய்வாரோ? ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைப் பொத்தானைப் போட அவருக்குக் கை நிற்கவில்லை. நான் போட்டுவிட்டேன். "எங்கயாவது கூட்டிட்டுப் போயிரு. என்னால ஏலல" என்றார்.

வகுப்பறைக்குள் மாஸ்டரைக் கண்டதும் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏட்டி, என்னப் பிடிச்சுக் குடுக்கவா கூட்டியாந்த?" என்று கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. மாஸ்டரின் குரல்தான் கேட்டது. தன் பேரைச் சொல்லி, "நானும் குடிகாரன்தான் தம்பி" என்றார். கண்ணைத் திறந்தபோது கடைசி பெஞ்சில் மாஸ்டர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டிருந்தார்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வருடத்தில் என் கணவர் இரண்டு முறை மறுபடி குடித்தார். இரண்டு முறையும் தானாகவே போய்த் திரும்ப அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மில்லில் மாஸ்டர் எல்லோரையும் போல அவரையும் அதட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோளோடு தோள் ஒட்டி உட்காருவார்கள்.

ஏழு வருடம் கழிந்து, அடுத்தடுத்து இரண்டு ஞாயிறுகள் மாஸ்டர் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு மதியம் நானும் கணவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நாங்கள் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தோம். உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுல எல்லாம் சரியாயிருச்சுல்ல? இந்தப் பயம் எப்பம்மா போகும்?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "இன்னும் போகலக்கா. சங்கு ஊதுனா இப்பவும் மணியப் பாக்கேன். ஆனா ராத்திரி தூங்குதேன்" என்றேன்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. மாஸ்டர் முகம் கழுவி, வேறு சட்டை போட்டிருந்தார். பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று மாட்டியிருந்தன. என் கணவர் அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். அந்த அம்மா அவசரமாகக் கதவைப் பூட்டினார். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம்.