உப்புப் படாத கை

தூத்துக்குடி உப்பளத்தில் இருபது வருடமாக உப்பு வாருகிற சீனித்தாய்க்கு யாருக்கும் பயந்து பழக்கமில்லை. மகள் இந்துமதிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மறுநாள், ஒரு டப்பா மக்ரூன் இனிப்போடு வேலைக்கு வந்தாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். உப்புக் கையால் தொட்டால் மக்ரூன் கரித்துவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? மூடியைத் திறக்காமல் காத்திருந்தாள்.

“ஏளா, வேலையப் பாக்காம என்ன கூட்டம்?” என்று கங்காணி அய்யாக்குட்டி குடையோடு வந்தார்.

“எம்மவ காலேஜுக்குப் போறா, அண்ணாச்சி. இங்கன உப்புப் படாத கை உங்க கைதான். நீங்களே எல்லாரு வாயிலயும் போடுங்க.”

டப்பாவை நீட்டியபடியே நின்றாள். அவர் குடையை மடக்கினார். தினமும் விரட்டுகிற கை, அன்று ஒவ்வொருத்திக்கும் ஊட்டிக்கொண்டே போனது. கடைசி மக்ரூன், பெற்றவள் வாய்க்கு.