கடைசியில் எழும் தாவீது

எழுபதுகளில் சங்கரன்கோவிலில் நான் பள்ளி ஆசிரியராக இருந்தேன். எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில் நற்கருணையின்போது எல்லோருக்கும் திராட்சரசம் ஒரே பாத்திரத்தில்தான். அதனால் எப்போதும் முதல் வரிசையிலேயே போய் முழங்காலிடுவேன். மற்றவர்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள். உண்மையில், தெருச் சாக்கடை அள்ளும் தாவீது வாய் வைத்த பாத்திரத்தில் நான் குடித்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

ஒரு ஞாயிறு, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து நான் வந்த பஸ் தாமதமாகிவிட்டது. நான் உள்ளே நுழைந்தபோது கடைசி வரிசை போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் தாவீது. என் கால் தயங்கியதைப் பார்த்து அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"சார்வாள், நீங்க முதல்ல போங்க. ஒங்களுக்குச் சங்கடம்னு தெரியும். அதுக்குத்தானே நான் எப்பவும் கடைசில வாரேன்" என்றார் மெதுவாக. குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை.

வெட்கப்பட்டு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை, முந்திப் போய்க் குடித்தேன்.

அடுத்த நற்கருணையன்று நான் எழவே இல்லை. எல்லோரும் போய்வந்த பிறகு தாவீதும் நானும் மட்டும் பெஞ்சில் இருந்தோம். போதகர் பாத்திரத்தோடு காத்து நின்றார்.

"போங்க அண்ணாச்சி. நான் ஒங்களுக்குப் பின்னால வாரேன்" என்றேன்.

அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. அத்தனை வருடம் அவரை அங்கே உட்கார வைத்திருந்தவன் நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.