சித்திரையின் நீலம்

எங்கள் காளிகாட் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம், சித்திரை நட்சத்திரம் மஞ்சளாகிவிட்டது என்று அறிவித்தேன். அலிப்பூர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கிற ஒருவன் வானத்திலேயே ஒரு மாறுதலைக் கண்டுபிடித்துவிட்டால் மார்தட்டிக்கொள்ளாமல் என்ன செய்வான்?

சித்திரை என் மனைவியின் ஜன்ம நட்சத்திரம். வெளிர்நீலம். அதற்கு இடப்புறம் சற்று உயரத்தில் சுவாதி, அது செம்மஞ்சள்.

"உன் நட்சத்திரம் மஞ்சளாயிடுத்து, பாருடி!"

"மஞ்சள் தேய்ச்சுக் குளிச்சிருக்கும்," என்றபடி நிமிர்ந்து பார்த்தாள். "நீலமாத்தானே இருக்கு? சுவாதியைப் பார்த்துட்டு உளர்றேளா?"

நான் விடுவேனா? அண்ணா முறையில் நாங்கள் தாதா என்றழைக்கும் கீழ்வீட்டு வங்காளியை மாடிக்குக் கூப்பிட்டேன். "நீலம்தான், மொஷாய்," என்று வங்காளி மரியாதையோடு சொன்னவர், வானத்தை விட்டுவிட்டு என் கண்களை உற்றுப் பார்த்தார். மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டு கண்ணிலும் புரை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை பழுப்பேறினால் முதலில் நீலத்தைத்தான் தடுக்குமாம். வெளிச்சம் குறைந்தால் யார் கண்ணும் நிறம் காட்டாது. மங்கலான நட்சத்திரமெல்லாம் எல்லோருக்கும் வெளுப்புத்தான். எனக்கோ பிரகாசமானவையும் மங்கப்போகின்றன. முதலில் நீலம், பிறகு மற்ற நிறங்கள், கடைசியில் நட்சத்திரமே. ஆபீசில் எனக்கு எதுவுமே இத்தனை ஒழுங்கான வரிசையில் வந்ததில்லை.

புரை முற்றியிருந்த வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. சீழ் பிடித்து அந்தக் கண்ணே போயிற்று. இடது கண்ணைத் தொட டாக்டருக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை.

"இனிமே நான் யாரையும் பார்த்துக் கண்ணடிக்க முடியாது. உனக்கு நிம்மதி," என்றேன் மனைவியிடம்.

"போறும் உங்க வேடிக்கை," என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த கோடையில், பழக்க தோஷத்தால், இருவரும் மறுபடி மாடி ஏறினோம். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று கிழக்கே கையை நீட்டினேன்.

"அதோ உன் நட்சத்திரம். இன்னிக்கு நல்ல நீலம்!"

அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்னா, மேகம் மூடிண்டிருக்கு. ஒரு நட்சத்திரமும் இல்லை."

"அப்படியா? அப்போ இன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பார்வை!"

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் படி இறக்கினாள்.

மறுநாள் சாயங்காலம் மேகம் கலைந்துவிட்டதாகத் தாதா கீழேயிருந்து குரல் கொடுத்தார். மாடிக்குப் போகலாமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.